சில்லு எந்தப் பக்கம் பார்க்கிறது? வால்சில்லு விமானங்களின் வீல் எலைன்மென்ட் குறித்து

திரியாயிலிருந்து குச்சவெளி, நிலாவெளி வழியாகத் தெற்கே வந்து, திருகோணமலைத் துறைமுகத்தின் உட்கரையைச் சுற்றிப் போனால் சீனக்குடா. அங்குள்ள ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது. வாடையும் கச்சானும் பெரும்பாலும் அதன் நீளவாட்டிலேயே வீசும். விமானம் இறங்க இதைவிட நல்ல கிடை கிடைப்பது அரிது. ஆனாலும் ஒரு காலத்தில் அங்கே இறங்கிய விமானங்களை நேராக ஓட்டி நிறுத்துவது இலேசான காரியமாக இருக்கவில்லை. அவை வாலில் சில்லு வைத்த விமானங்கள்.

1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, சீனக்குடாவிலிருந்து எழும்பி எதிர்கொண்டவை பிரித்தானிய விமானப்படையின் 261ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த ஹரிக்கேன்கள். எதிரே வந்த சீரோக்களும் குண்டுவீச்சு விமானங்களும் வால்சில்லு விமானங்கள்தாம். 1944இல் அதே தளம் பிரித்தானியக் கடற்படையிடம் 'பம்பாரா' என்ற பெயரில் இருந்தது. விமானந்தாங்கிக் கப்பல்களின் கோர்செயர்கள் கரைக்கு வந்து நின்றதும் அங்கேதான். கோர்செயரின் கதையை இங்கே சொல்லியாகவேண்டும். இறங்கும்போது துள்ளும், திடீரென ஒரு பக்கம் சரியும், நிலத்தில் ஓடும்போது திசைமாறும் என்று அந்த விமானத்துக்குக் கெட்ட பெயர். அமெரிக்கக் கடற்படையில் இளம் விமானிகளைக் கொல்லும் யந்திரம் என்றே அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். முதலில் பழி விமானிகளின் கைமேல் விழுந்தது. பிறகு வால்சில்லின் காலை உயர்த்தினார்கள். பிரதான கால்களின் அதிர்வுதாங்கியைத் திருத்தினார்கள். வலது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சிறு பட்டையை ஒட்டினார்கள். விமானிகள் மாறவில்லை, விமானம் திருந்தியது.

சிறிய வால்சில்லு விமானங்கள் விடயத்தில் இந்தப் பாடம் இன்னும் முழுதாகப் படியவில்லை என்பதுதான் என் கவலை. விமானம் இறங்கிய பின் ஒரு பக்கம் இழுத்தால், "கால் போதாது" என்று விமானியைச் சொல்லிவிட்டுப் போகிறோம். அவருடைய கால் போதாமல் இருக்கலாம். ஆனால் சில்லுகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதை அளந்து பார்க்காமல் அதைச் சொல்வதற்கு எவருக்கும் உரிமை இல்லை. அளப்பதற்கு வேண்டியவை ஒரு தூக்குக்குண்டு, ஒரு நேர்சட்டம், ஒரு மூலைமட்டம், கொஞ்சம் கிறீஸ், அரை நாள் பொறுமை.

வால்சில்லு விமானத்தின் தொல்லைக்கு வேர் ஒன்றுதான். அதன் புவியீர்ப்பு மையம் பிரதான சில்லுகளுக்குப் பின்னால் இருக்கிறது. திரியாய் வயல் வரம்பில் இரு சில்லு உழவு இயந்திரத்தைப் பெட்டியுடன் பின்னுக்கு எடுத்தவர்களுக்கு இது விளக்கமில்லாமலே தெரியும். முன்னுக்கு இழுக்கும்போது பெட்டி தானாக நேராகும்; பின்னுக்குத் தள்ளும்போது சிறு கோணலும் பெரிதாகிக்கொண்டே போகும். மூக்கில் சில்லு வைத்த விமானம் முதல் வகை, வால்சில்லு விமானம் இரண்டாம் வகை. சற்றே திரும்பினால், பின்னாலிருக்கும் எடை முன்னே வரப் பார்க்கிறது. திரும்பும் ஆரை குறுகக் குறுக, மையவிலக்கு விசை கூடுகிறது. விமானி உடனே காலால் தடுக்காவிட்டால் விமானம் தன்னைத்தானே சுற்றி, ஒரு இறக்கை நுனி நிலத்தில் உரசும். விமானிகள் இதைக் கிரவுண்ட் லூப் என்பார்கள். வேகம் இருமடங்கானால் அந்த விசை நான்கு மடங்காகும். ஆகவே இறங்கிய முதல் சில விநாடிகளில் சில்லு செய்யும் சிறு தவறும் பெரிய தவறு.

முற்காலத்தில் இது அவ்வளவாக வெளியே தெரியவில்லை. டைகர் மொத் விமானத்துக்கு வாலில் சில்லுகூட இல்லை, ஒரு சறுக்குக்கட்டைதான். பிரேக்கும் இல்லை. இறங்கியது புல்வெளியில். கட்டை புல்லைக் கீறி வாலைப் பிடித்துக்கொள்ளும். சில்லு சற்றுக் கோணலாக இருந்தாலும் புல்லில் வழுக்கி ஒத்துப்போகும். காய்ந்த தார்ப்பாதையும் கொங்கிறீற்றும் வந்தபோது ரயர் நிலத்தை இறுகப் பற்றியது. கோணலாக நிற்கும் சில்லு அந்தப் பக்கமே போவேன் என்று அடம்பிடித்தது. ஈரப்பாதையில் சொன்னபடி கேட்கும் விமானம் காய்ந்த பாதையில் முரண்டு பிடித்தால் முதலில் சந்தேகப்படவேண்டியது சில்லுகளை.

இலங்கையில் 1951இல் விமானப்படை தொடங்கியபோது பயிற்சிக்கு வந்த சிப்மங்க் விமானமும் வால்சில்லு விமானமே. அதே ஆண்டில் பெங்களூரில் முதன்முதல் பறந்த எச்.டி.–2 பயிற்சி விமானமும், 1958இல் பறந்து பின்னர் இந்தியப் பறப்புக் கழகங்களில் பரவிய புஷ்பக்கும் அப்படியே. இன்று சீனக்குடாவில் பயிலும் விமானிகள் செஸ்னா 150, பி.டி.–6 போன்ற மூக்குச்சில்லு விமானங்களில் பறக்கிறார்கள். அமெரிக்காவில் 1991 முதல் வால்சில்லு விமானம் ஓட்டத் தனிப் பயிற்சியும் பயிற்றுநரின் ஒப்பமும் வேண்டும். ஓட்டுபவரின் பயிற்சிக்குச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் இந்த விமானங்களின் சில்லைச் சீர்செய்யும் கைப்பழக்கம், மூத்த மெக்கானிக்குகள் ஓய்வுபெறும்போது அவர்களுடனேயே போய்விடுகிறது. அதனால்தான் இதை எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

அளக்கவேண்டியவை இரண்டு. மேலிருந்து பார்க்கும்போது இரு சில்லுகளின் முன்பக்கங்களும் ஒன்றையொன்று நெருங்கி நின்றால் டோ-இன். விலகி நின்றால் டோ-அவுட். முன்னாலிருந்து பார்க்கும்போது சில்லின் மேற்பகுதி வெளியே சாய்ந்தால் நேர்க் கேம்பர். உள்ளே சாய்ந்தால் மறைக் கேம்பர். கார் கராஜில் பேசப்படும் அதே சொற்கள்தாம். ஆனால் காரின் விடையை விமானத்துக்கு அப்படியே எடுத்துப்போட முடியாது.

வால்சில்லு விமானத்துக்கு டோ-இன் நல்லதா, டோ-அவுட் நல்லதா? தலைமுறைகளாக நடக்கும் வழக்கு இது. டோ-அவுட் பக்கத்தவரின் வாதம் வலுவானது. விமானம் இடப்பக்கம் திரும்பத் தொடங்கினால் எடை வலது சில்லின்மேல் சாயும். அந்தச் சில்லில் டோ-இன் இருந்தால் அது இடப்பக்கம் பார்த்து நிற்கிறது; எடை ஏறியதும் விமானத்தின் முன்பகுதியை இன்னும் இடப்பக்கமே தள்ளும். எரிகிற நெருப்பில் எண்ணெய். டோ-அவுட் இருந்தால் அதே சில்லு வலப்பக்கம் பார்க்கிறது. எடை ஏறியதும் திரும்பலை எதிர்க்கும்.

மறுபக்கத்தவரும் சும்மா பேசவில்லை. சில்லு உருளும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் நிலம் அதைப் பின்னுக்கு இழுக்கிறது. கால் சற்று வளைந்து சில்லின் முன்பக்கம் வெளியே திறக்கிறது. ஆகவே நிற்கும்போது கொஞ்சம் டோ-இன் வைத்தால்தான் ஓடும்போது நேராகும் என்கிறார்கள். டோ-அவுட் அதிகமானால் விமானம் நேர்ப்பாதையில் அமைதியாக ஓடாது, எடை எந்தச் சில்லில் ஏறுகிறதோ அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டே போகும் என்பதும் அவர்களுடைய முறைப்பாடு. பக்கக்காற்றிலும் அவர்கள் பக்கம் ஒரு நியாயம் உண்டு. வலப்பக்கக் காற்றில் வலது சில்லே முதலில் நிலம் தொடும். காற்று ஏற்கெனவே மூக்கை வலப்பக்கம் திருப்பப் பார்க்கும்; டோ-அவுட் வைத்த சில்லு அந்தத் திருப்பலுக்குத் துணைபோகும், டோ-இன் வைத்த சில்லு அதை எதிர்க்கும்.

இரு தரப்பையும் எடைபோட்டால் டோ-அவுட் பக்கத்துக்கே நியாயம் கூடுதல் என்பது என் முடிவு. விமானத்தை உடைப்பது கிரவுண்ட் லூப். நேர்ப்பாதையில் சிறிது அலைவது விமானியைக் களைக்கவைக்கும், அவ்வளவுதான். சுழியத்தை இலக்காக வைக்கவேண்டும். தவறுவதானால் டோ-அவுட் பக்கம் மயிரிழை தவறலாம். தயாரிப்பாளரின் கையேடு ஒரு அளவைச் சொல்லியிருந்தால் அதுவே சட்டம்.

ஆனால் இந்த வழக்கில் பாதி, வழக்கே அல்ல. ஒருவர் தன் விமானத்தில் டோ-இன் என்பார், அதே ரக விமானத்தை வைத்திருக்கும் மற்றவர் டோ-அவுட் என்பார். இருவரும் சரியாகவே அளந்திருப்பார்கள். ஒருவர் வால் நிலத்தில் இருக்கும்போது அளந்தார். மற்றவர் வாலைத் தூக்கி மட்டமாக வைத்து அளந்தார். ஒருவருடைய டாங்கி நிரம்பியிருந்தது, மற்றவருடையது வெறுமை. எந்த நிலையில், எந்தச் சுமையில் அளந்தாய் என்று முதலில் கேட்டால் சச்சரவில் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடும்.

ஏன் நிலை மாறினால் அளவு மாறுகிறது? கேம்பர்தான் காரணம். விமானம் மட்டமாக நிற்கையில் சில்லின் மேற்பகுதி வெளியே சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அச்சின் வெளிநுனி சற்றுக் கீழே பார்க்கும். இப்போது வாலை இறக்கி மூக்கை உயர்த்தினால், கீழே பார்த்த நுனி முன்னுக்கும் நகர்கிறது. அச்சின் நுனி முன்னுக்கு வந்தால் சில்லின் முகம் உள்ளே திரும்பும். மட்டத்தில் வெறும் கேம்பராக இருந்தது, வால் இறங்கியதும் டோ-இன் ஆகிவிடுகிறது. மறைக் கேம்பர் இருந்தால் நேர்மாறாக டோ-அவுட் வரும். 3 பாகைக் கேம்பர், வால் இறங்கும்போது 12 பாகைச் சாய்வு என்று எடுத்துக் கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு சில்லிலும் ஏறத்தாழ 0.6 பாகை டோ பிறக்கும். சில்லில் ஒரு மீட்டர்ச் சட்டத்தை வைத்தால் முன்னுக்கும் பின்னுக்கும் 11 மில்லிமீட்டர் வித்தியாசம் காட்டும் அளவு அது.

சுமையும் இதே வேலையைச் செய்கிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் செஸ்னா 140 முதலியவற்றில் பரவிய, ஸ்டீவ் விட்மன் கண்டுபிடித்த வில்லுருக்குக் கால் இதற்குச் சிறந்த உதாரணம். எடை இல்லாதபோது கால்கள் உள்ளே ஒடுங்கும், சில்லின் மேற்பகுதி வெளியே சாயும். எடை ஏற ஏறக் கால்கள் அகலும், சில்லு நிமிர்ந்து பிறகு உள்ளே சாயும். இதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. மூன்று சில்லும் ஒருசேரத் தொடும் இறக்கத்தில், எடையின் பெரும்பகுதி இன்னும் இறக்கையிலேயே இருக்கிறது. வாலும் கீழே இருக்கிறது. நேர்க் கேம்பர், வால் இறக்கம் இரண்டும் ஒன்றாகக் கூடி டோ-இன்னை உச்சத்துக்குக் கொண்டுபோகும் தருணம், வேகம் அதிகமாக இருக்கும் அதே தருணம்தான். ஹங்கரில் மட்டமாக, நிறைந்த டாங்கியோடு அளந்து சுழியம் என்று எழுதிவைத்தவர் இந்தத் தருணத்தை அளக்கவே இல்லை.

அளக்கும் முறைக்கு வருவோம். தொடங்குமுன் அளவையே பொய்யாக்கக்கூடியவற்றை நீக்கவேண்டும். இரு ரயரிலும் காற்று சமமாக இருக்கவேண்டும். சில்லைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பெயாரிங்கின் தளர்வு கைக்குத் தெரியும். காலை உடலோடு பிணைக்கும் போல்ட்டுகளிலும் தேய்ந்த புஷ்களிலும் ஆட்டம் இருந்தால் அதைச் சீர்செய்யாமல் அளப்பது வீண்வேலை. றப்பர்க் கயிற்றில் தொங்கும் பைப்பர் கப் வகைக் கால்களில், ஒரு பக்கக் கயிறு தளர்ந்தால் விமானமே ஒரு பக்கம் சரிந்து நிற்கும். பிடித்தபடியே நிற்கும் ஒரு பிரேக்கை வீல் எலைன்மென்ட் கோளாறு என்று நினைத்து நாட்கணக்கில் அலைந்தவர்கள் பலர்.

பிறகு ஒவ்வொரு பிரதான சில்லுக்கும் இரண்டு அலுமினியத் தகடுகள். நடுவே தாராளமாகக் கிறீஸ். விமானத்தை அதன்மேல் ஏற்றி, பிரேக்கை விட்டு, இறக்கைத் தாங்கியைப் பிடித்து மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் மேல்தகடு வழுக்கி, கால் தனக்கு வேண்டிய இடத்தில் வந்து அமரும். இந்தத் தகடுகள் இல்லாமல் வெறும் சீமெந்துத் தரையில் அளப்பதை நான் ஏற்கமாட்டேன். ரயரின் பிடி காலை விறைப்பாக வைத்திருக்கும்; அளவு அந்த விறைப்பின் அளவாகத்தான் இருக்கும்.

அடுத்து விமானத்தின் நடுக்கோடு. மூக்கின் நடுவிலிருந்தும் வால் முனையின் நடுவிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, இரண்டு புள்ளிகளையும் சோக்கு பூசிய நூலால் இணைத்துத் தரையில் கோடு போடவேண்டும். இரு சில்லுகளின் இடைவெளியை முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை அளந்து வித்தியாசம் பார்ப்பதோடு நிறுத்துகிறவர்கள் உண்டு. அது போதாது. இடது சில்லு ஒரு பாகை உள்ளேயும் வலது சில்லு ஒரு பாகை வெளியேயும் பார்த்தால் அந்த வித்தியாசம் சுழியமாகவே வரும். ஆனால் இரு சில்லுகளும் ஒரே பக்கம் பார்க்கின்றன. விமானம் வாலைச் சற்று ஒதுக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடும். நடுக்கோட்டோடு ஒவ்வொரு சில்லையும் தனித்தனியே ஒப்பிட்டால்தான் இது பிடிபடும். அத்தோடு இரு அச்சுகளின் நுனியிலிருந்தும் வால் முனைக்கு உள்ள தூரத்தை அளந்தால், காலே முன்பின்னாக விலகியிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

சில்லின் திசையை எதில் வைத்து அளப்பது? ரயரின் புடைப்பில் வைக்கக்கூடாது, அது ஒருசீரானதல்ல. பிரேக் தட்டு அல்லது றிம் நல்லது. ஆனால் தட்டு சிறியது. 150 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஏறத்தாழ 0.4 பாகைத் தவறு. அதே தட்டில் ஒரு மீட்டர்ச் சட்டத்தை இறுகப் பிணைத்து அதன் இரு நுனிகளிலும் அளந்தால், ஒரு மில்லிமீட்டர்ப் பிசகு 0.06 பாகைக்குள் அடங்கிவிடும். இப்போது சிலர் லேசர் விளக்கைப் பிணைத்துச் சுவரில் புள்ளி பார்க்கிறார்கள், தத்துவம் அதேதான். சில்லை அரைச்சுற்றுச் சுழற்றி இன்னொருமுறை அளந்து சராசரி எடுப்பதை மறக்கக்கூடாது. வளைந்த றிம் ஒன்று மொத்த வேலையையும் ஏமாற்றிவிடும். இதையெல்லாம் வால் தரையில் இருக்கும்போது ஒருமுறை, வாலைத் தாங்குகட்டை ஒன்றில் ஏற்றி மட்டமாக்கி ஒருமுறை, வழக்கமான சுமையோடும் சுமையில்லாமலும் செய்யவேண்டும்.

சரிசெய்வது காலின் வகையைப் பொறுத்தது. வில்லுருக்குக் காலில் அச்சு நான்கு போல்ட்டுகளால் காலின் அடியில் பூட்டப்பட்டிருக்கும். இடையே ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் உள்ள ஆப்புத் தகடு செருகப்படும். அதைத் திருப்பிப் போடுவதாலும் மாற்றிப் போடுவதாலும் டோவும் கேம்பரும் மாறும். எந்தத் தகடு எவ்வளவு திருத்தும் என்ற அட்டவணை தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். தகடு தடித்தால் போல்ட்டின் நீளம் போதுமா, நட்டுக்கு வெளியே மரை தெரிகிறதா என்பதையும், பிரேக் தட்டு உரசாமல் சுழல்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். குழாய்க் கால்களில் அச்சு பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே தகட்டுக்கு வழியில்லை. அளவு தவறியிருந்தால் பெரும்பாலும் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது என்று பொருள். சூடாக்கி வளைத்து நேராக்குவது கராஜ் வேலை. விமானத்தில் அதற்கு அங்கீகரிக்கப்பட்ட முறையும், உரிமம் பெற்ற பொறியியலாளரின் ஒப்பமும் இல்லாமல் கைவைக்கக்கூடாது. வளைந்த உறுப்பை மாற்றுவதே மேல்.

அளக்காமலே ரயர் நிறையச் சொல்லும். உள்ளங்கையை ரயரின் குறுக்கே இரு பக்கமும் தடவிப் பார்த்தால், ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் பிசிறு குத்துவதாகவும் இருந்தால் அந்தச் சில்லு பக்கவாட்டில் இழுபட்டே உருண்டிருக்கிறது. வெளிவிளிம்பு தேய்ந்து பிசிறு உள்ளே பார்த்தால் டோ-இன். உள்விளிம்பு தேய்ந்தால் டோ-அவுட். பிசிறு இல்லாமல் வெளிவிளிம்பு மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் அது கேம்பரின் வேலை. வில்லுருக்குக் கால் விமானங்களில் இது சாதாரணம். ரயரைப் பாதி ஆயுளில் கழற்றித் திருப்பிப் போடுவார்கள்.

பிரதான சில்லுகளைச் சீர்செய்துவிட்டு வால்சில்லை மறந்தால் வேலை பாதிதான். வால்சில்லு இடவலமாகத் திரும்பும் தண்டு, விமானம் சுமையோடு நிற்கையில் நிமிர்ந்தோ, மேல்நுனி சற்றுப் பின்னே சாய்ந்தோ இருக்கவேண்டும். தகட்டுவில் களைத்துத் தட்டையானால் தண்டின் மேல்நுனி முன்னே சாயும். அப்போதுதான் இறங்கி ஓடும்போது வால்சில்லு படபடவென்று அதிரத் தொடங்கும், விமானமே குலுங்கும். வில்லை மீண்டும் வளைவேற்றுவதோ புதிதாக மாற்றுவதோதான் இதற்கு வழி. நட்டை இறுக்கி அதிர்வை அடக்கப் பார்ப்பது நோயை மறைப்பது. சுக்கானோடு வால்சில்லை இணைக்கும் சங்கிலிகளும் சுருள்வில்களும் இரு பக்கமும் ஒரே இறுக்கமாக இருக்கவேண்டும். ஒரு பக்கச் சங்கிலி ஒரு கண்ணி கூடுதலாக இருந்தாலும், விமானி சுக்கானை நடுவில் வைத்திருக்கும்போது வால்சில்லு வேறு பக்கம் பார்க்கும். சிப்மங்கில் இந்தத் தொல்லை இல்லை. அதன் வால்சில்லு கட்டில்லாமல் சுழல்வது, திருப்புவதற்குப் பிரேக்கைத்தான் நம்பவேண்டும். அப்படியான விமானத்தில் இரு பிரேக்குகளின் பிடியும் ஒத்திருப்பது சில்லின் நேர்மைக்குச் சமமான முக்கியத்துவம் பெறுகிறது.

எல்லாம் முடிந்ததும் காற்றில்லாத நேரத்தில், காய்ந்த பாதையில், முதலில் நடைவேகத்தில், பிறகு வால் தூக்கும் வேகத்துக்குக் கீழே ஓட்டிப் பார்க்கவேண்டும். ஒரு திசையில் மட்டும் ஓட்டிப் பார்த்தால் பாதையின் பக்கச்சரிவு ஏமாற்றும். திரும்பி வந்து மறுதிசையிலும் ஓட்டவேண்டும். இழுவை இரு திசையிலும் விமானத்தின் ஒரே பக்கமாக இருந்தால் அது விமானத்துடையது. பக்கம் மாறினால் பாதையுடையது.

பராமரிப்புப் பதிவேட்டில் எழுதும்போது "வீல் எலைன்மென்ட் சரிபார்க்கப்பட்டது" என்ற ஒற்றை வரி யாருக்கும் உதவாது. இடது சில்லு இவ்வளவு, வலது சில்லு இவ்வளவு. வால் தரையில் இவ்வளவு, மட்டத்தில் இவ்வளவு. டாங்கியில் இத்தனை லீற்றர், இருக்கையில் இத்தனை கிலோ. ரயர்க் காற்று இவ்வளவு. எந்த ஆப்புத் தகடு, தடித்த பக்கம் எந்தத் திசையில் என்று எழுதவேண்டும். அடுத்த ஆண்டு வேறொருவர் அதே விமானத்தை அளக்கும்போது, கால் களைத்திருக்கிறதா, ஏதும் வளைந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்கள்தாம் அவருக்குக் கிடைக்கும்.